கூடம் கோணல்தான்!

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று நம் வீடுகளில் ஒரு பழமொழி அடிபடுவதுண்டு. மாமியார் மருமகளைப் பார்த்துச் சொல்வாள். வாத்தியார் மாணவனைப் பார்த்துச் சொல்வார். பாட்டு வாத்தியாரம்மாள் சொன்னாலோ அதற்கு ஒரு தனி ராகமே உண்டு! ஆனால் சகோதரிகளே, எத்தனையோ காலமாக இதைச் சொல்லி வருகிறோமே, யாராவது ஒருவர் எழுந்து போய், அந்தக் கூடம் மெய்யாகவே கோணலாக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்ததுண்டா?

போன மாதம் நான் பார்த்தேன். கூடம் கோணல்தான்! அந்தக் கதையைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

என் தங்கையின் பேத்திக்குப் பதினொரு வயது. ஒரு நாள் மாலை பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல், "பெரிய பாட்டி, நான் ஒரு விளையாட்டுப் பண்ணப் போகிறேன்" என்றாள். விளையாடப் போகிறேன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். பண்ணப் போகிறேன் என்றாள்.

"என்ன விளையாட்டடி?" என்று கேட்டேன்.

"பல்லாங்குழி. பாட்டிக்காக."

என் தங்கைக்குக் கொஞ்ச காலமாக விரல் மூட்டுகளில் வீக்கம். புளியங்கொட்டையைக் குழியிலிருந்து அள்ளி ஒவ்வொன்றாகப் போட முடிவதில்லை. எங்கள் அம்மா கொடுத்த பல்லாங்குழிக் கட்டை பரண்மேல் ஏறிவிட்டது. அதைப் பற்றி அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் குழந்தை கவனித்திருக்கிறது. "பாட்டி கண்ணாடித் திரைமேல் விரலை லேசாக வைத்தால் போதும், கொட்டையெல்லாம் தானாக நகர்ந்து போகணும்" என்றாள். எனக்குத் தொண்டையை அடைத்துக் கொண்டது.

அவள் அப்பா நல்ல பிள்ளை. ஆபீஸில் யாரையோ விசாரித்து, பெரிய கம்பெனிகள் சினிமா மாதிரி விளையாட்டுகளைத் தயாரிக்கிற கருவி ஒன்றை இலவசமாகக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துவிட்டார். குழந்தை மூன்று நாள் மாலை அதன் முன்னால் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் பட்டென்று மூடிவிட்டு வந்து என் பக்கத்தில் படுத்துக் கொண்டாள்.

"எனக்குக் கணக்கு மூளை இல்லை, பெரிய பாட்டி. இதெல்லாம் பையன்களுக்குத்தான் வரும்."

சுருக்கென்றது எனக்கு. இந்த வார்த்தையை இந்த வயதில் ஒரு பெண் குழந்தை சொல்லிவிட்டால், அது மூன்று நாள் சமாசாரமாக நின்றுவிடுமா? முப்பது வருஷம் கூடவே வருமே! எத்தனை பேர் நம்மில் அப்படி எதையாவது சொல்லிவிட்டு அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்திருக்கிறோம், யோசித்துப் பாருங்கள்.

மறுநாள் நானே அந்தக் கருவியைத் திறந்து பார்த்தேன். அப்பப்பா! மேலே ஒரு வரிசை, பக்கவாட்டில் இரண்டு பலகைகள், கீழே இன்னொன்று, எல்லாம் ஒரே சாம்பல் நிறம். நடுவே ஒரு பொட்டல் வெளி. அதில் ஒரு புளியங்கொட்டையை வைக்க வேண்டுமானால், முதலில் காமிராவை எங்கே நிறுத்துவது, விளக்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்றெல்லாம் தீர்மானிக்க வேண்டும். ஏதோ ஒரு பொத்தானைத் தொட்டேன். சிவப்பு எழுத்தில் நாலு வரி வந்தது. என்ன தப்பு என்றும் புரியவில்லை, என்ன செய்தால் சரியாகும் என்றும் தெரியவில்லை.

கருவியைக் குறை சொல்லவில்லை. அது கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பு. ஆயிரம் பேருக்குச் சமைக்கிற பரிசாரகர்களுக்கு அது வேண்டும். ஆனால் ஒரு சிறுமியை முதல் முதலாக ரசம் வைக்கக் கற்றுக் கொள்ள அங்கேயா அனுப்புவது? நம் வீட்டு அடுப்பங்கரையை எப்படி வைத்திருக்கிறோம்? அஞ்சறைப் பெட்டி கைக்கெட்டுகிற இடத்தில். தினம் எடுக்கிற கரண்டி முன்னால். வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிற முறுக்கு அச்சு மேல் தட்டில். யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்கிறோம். கம்ப்யூட்டர்க்காரர்கள் இதற்கு 'இடைமுகம்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மனிதருக்கும் யந்திரத்துக்கும் இடையே இருக்கிற முகமாம். முகம் கடுகடுவென்று இருந்தால் யார்தான் உள்ளே நுழைவார்கள்?

அமெரிக்காவில் டொனால்டு நார்மன் என்று ஒரு மனோதத்துவப் பேராசிரியர், 1988-ல் அன்றாடப் பொருள்களின் அமைப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தள்ள வேண்டிய கதவில் இழுக்கிற கைப்பிடியை வைத்தால் எல்லோரும் இழுக்கத்தான் செய்வார்கள். இழுத்துவிட்டுத் தங்களையே அசடு என்று நொந்து கொள்வார்கள். ஆனால் தப்பு கதவைச் செய்தவனுடையது என்பது அவர் கட்சி. அம்மாதிரிக் கதவுகளுக்கு 'நார்மன் கதவு' என்றே இப்போது பெயர் வந்துவிட்டது. நம் பழமொழிக்கு அவர் ஒரு மறுப்புரை எழுதிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

குழந்தையிடம் இதைச் சொன்னேன். அவள் பாதி நம்பினாள். அதற்குள் வேறொரு செய்தி வந்தது. முதல் முதலாக விளையாட்டுச் செய்கிறவர்களுக்கென்றே புதிய கருவி ஒன்று தயாராகிறதாம். சீக்கிரம் வரப் போகிறதாம். அதன் படங்களை அவள் அப்பா காட்டினார். வண்ண வண்ணமாக, பெரிய பெரிய பொத்தான்களோடு கண்ணைப் பறித்தது. பெயரை நான் சொல்லப் போவதில்லை. போட்டோவை மட்டும் பார்த்து மாப்பிள்ளையை நிச்சயம் செய்கிற வழக்கம் நம்மிடம் இல்லையே! நாலு இடத்தில் விசாரிக்க வேண்டாமா? ஆகையால், இதற்கு முன் வந்த இம்மாதிரிக் கருவிகளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். விசாரிக்க விசாரிக்க ஒரே ஸ்வாரஸ்யம், போங்கள்!

முதலில் ஒரு அம்மாளின் கதையைச் சொல்கிறேன். ராபர்ட்டா வில்லியம்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், இரண்டு சிறு பிள்ளைகளோடு குடித்தனம் செய்து கொண்டிருந்தவர். புருஷர் கென் வில்லியம்ஸுக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம். குகைக்குள் போய்ப் புதையல் தேடுகிற ஒரு விளையாட்டை அந்த அம்மாள் ஒரு சமயம் ஆடிப் பார்த்தார். படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். அதில் அப்படியே சொக்கிப் போனவர், "நாமே ஒன்று செய்தால் என்ன?" என்று, சமையலறை மேஜையில் காகிதங்களைப் பரப்பிக் கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பெரிய பங்களா, அதில் ஒருவர் பின் ஒருவராகக் கொலையாகிறார்கள், கொலையாளி யார்? நம் தொடர்கதை ஆசிரியர்கள் தோற்றார்கள்! கதையோடு கோட்டுப் படங்களும் அவரே வரைந்தார். 1980-ல் 'மிஸ்டரி ஹவுஸ்' என்ற பெயரில் அது வெளிவந்தது. சாகசக் கதை விளையாட்டில் படங்கள் வந்தது அதுதான் முதல் தடவை. சமையலறையில் பண்டம் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் பைகளில் அந்தத் தகடுகளைப் போட்டு விற்றார்களாம்! அப்புறம் 1984-ல் 'கிங்ஸ் க்வெஸ்ட்' என்று ஒன்று செய்து உலகப் பிரசித்தி அடைந்தார்.

கேட்கச் சந்தோஷமாக இருக்கிறதல்லவா? ஆனால் இதில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கதையும் படமும் மனைவியுடையது. அதை யந்திரத்துக்குப் புரிகிற பாஷையில் எழுதியவர் புருஷர். வீட்டிலேயே அந்த பாஷை தெரிந்த ஒருவர் இருந்தது ராபர்ட்டா அம்மாளின் அதிர்ஷ்டம். அப்படி ஒருவர் இல்லாத எத்தனை அடுப்பங்கரைகளில் எத்தனை கதைகள் காகிதத்தோடு நின்று போயினவோ! ஆரம்பக்காரர்களுக்கான கருவி என்று ஒன்று எதற்காக வேண்டும் என்று யாராவது கேட்டால், இதற்காகத்தான். நடுவில் ஒரு துவிபாஷி இல்லாமல், மனசில் இருப்பதைத் தானே செய்து பார்ப்பதற்காக.

இந்த யோசனை முதலில் பலமாகத் தோன்றியது 1967-ல். மாஸசூசெட்ஸில் ஸெய்மூர் பாப்பெர்ட், வாலி பாயர்ஸைக், ஸிந்தியா ஸாலமன் முதலியவர்கள் சேர்ந்து 'லோகோ' என்ற பாஷையைக் குழந்தைகளுக்காகவே உண்டாக்கினார்கள். பிற்பாடு அதில் ஒரு ஆமை வந்து சேர்ந்தது. "100 அடி முன்னே போ, 90 டிகிரி வலப்பக்கம் திரும்பு" என்று நாலு தடவை சொன்னால் ஆமை ஒரு சதுரம் போட்டுவிடும். புரியாவிட்டால் குழந்தை தானே எழுந்து நின்று ஆமை மாதிரி நடந்து பார்க்கலாம். எத்தனை அழகான யோசனை, பாருங்கள்!

பாப்பெர்ட் இரண்டு விஷயங்களை வற்புறுத்துவார். ஒன்று, தப்பு என்பது வெட்கப்பட வேண்டியதல்ல. எங்கே பிசகியது என்று கண்டுபிடித்துத் திருத்துவதுதான் படிப்பு. ரசத்தில் புளி தூக்கலாகிவிட்டால், "எனக்குச் சமையல் மூளை இல்லை" என்றா சொல்கிறோம்? பருப்பு ஜலத்தை இன்னும் கொஞ்சம் விடுகிறோம், அவ்வளவுதானே! இரண்டாவது, கருவிக்குத் தரை தாழ்வாக இருக்க வேண்டும். கூரை உயரமாக இருக்க வேண்டும். தவழ்கிற குழந்தையும் உள்ளே வர முடிய வேண்டும். வளர்ந்தவன் தலையிலும் இடிக்கக் கூடாது. அவருக்குப் பின் வந்த மிட்செல் ரெஸ்னிக், சுவர்களும் அகலமாக இருக்க வேண்டும் என்று சேர்த்துக் கொண்டார். ஒருத்தி விளையாட்டுச் செய்யட்டும், இன்னொருத்தி கதை சொல்லட்டும், மற்றொருத்தி பாட்டுப் போடட்டும். எல்லோருக்கும் இடம் வேண்டுமல்லவா?

இந்த ரெஸ்னிக்கின் குழுவுக்கு எம்.ஐ.டி.யில் என்ன பெயர் தெரியுமா? 'வாழ்நாள் முழுதும் பாலர் பள்ளி'! அவர்கள் 2007-ல் வெளியிட்ட கருவிதான் 'ஸ்கிராட்ச்'. நிலையான காசு செலவு எதுவும் இல்லை, இலவசம். உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அதன் ஆரஞ்சு நிறப் பூனை தெரிந்திருக்கக்கூடும். புதிய கருவி வருகிற வரையில் இதில் உட்கார்ந்து பார்க்கலாமே என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் குழந்தையுமாக ஆரம்பித்தோம்.

திறந்ததுமே வித்தியாசம் தெரிந்தது. இடது பக்கம் கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக அடுக்கி வைத்திருக்கின்றன: நகர்வதற்கு நீலம், ஒலிக்கு ஒரு மாதிரி ரோஜா, எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்பதற்கு மஞ்சள். அஞ்சறைப் பெட்டி மாதிரிதான்! நடுவே கட்டைகளைக் கோத்து வைக்கிற இடம். வலது பக்கம் மேடை. அதில் பூனை தயாராக நிற்கிறது. காமிராவும் கிடையாது, விளக்கும் கிடையாது. கட்டைகளின் வடிவத்தில்தான் சூட்சுமம். ஒன்றுக்கொன்று பொருந்தாத கட்டைகள் ஒட்டவே ஒட்டா. 'இப்படி இருந்தால்' என்று கேட்கிற கட்டையில் ஆறு கோணப் பள்ளம் ஒன்று உண்டு. ஆமா இல்லையா என்ற கேள்வி மட்டுமே அதில் உட்காரும். எழுத்துப் பிழை, கமா விட்டுப் போச்சு, புள்ளி விட்டுப் போச்சு என்ற சண்டைக்கே வழியில்லை. சிவப்பு எழுத்துத் திட்டும் இல்லை. ஒரு கட்டையைத் தொட்டால் அந்த நிமிஷமே பூனை அதைச் செய்து காட்டுகிறது.

மேடையின் அகலம் 480, உயரம் 360. நட்ட நடுவில் பூஜ்யம். வலப்பக்கம் போனால் 240 வரை, இடப்பக்கம் போனால் கழித்தல் 240 வரை. கணக்கு மூளை இல்லை என்று சொன்ன பெண், பதினான்கு குழிகளையும் எங்கெங்கே வைப்பது என்று காகிதத்தில் கழித்தல் எண்களை எழுதிக் கணக்குப் போட்டுக் கொண்டிருந்தாள்! நான் வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு விஷயம் கேளுங்கள். இந்த மேடை முதலில் வலது பக்கம்தான் இருந்தது. 2013-ல் வந்த இரண்டாவது பதிப்பில் இடது பக்கம் போயிற்று. 2019-ல் மூன்றாவது பதிப்பில் மறுபடியும் வலது பக்கமே வந்துவிட்டது. கிரைண்டரை எந்த மூலையில் வைப்பது என்று நாம் மூன்று தடவை மாற்றுவதில்லையா? அந்த மாதிரிதான். எத்தனை பெரிய நிபுணர்களானாலும் இடைமுகம் முதல் தடவையிலேயே சரியாக அமைந்துவிடுவதில்லை.

ஸ்கிராட்ச் ஒன்றுதான் வழி என்று நினைத்துவிடாதீர்கள். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு 'பிட்ஸி' என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம். அதில் கட்டம் கட்டமாக நிரப்பி ஒரு பூவோ, பூனையோ, மனுஷியோ வரையலாம். அப்படி வரைந்ததை 16-க்கு 16 இடமுள்ள ஒரு அறையில் வைத்து, யாரோடாவது பேச வைத்தால், அதுவே ஒரு குட்டி விளையாட்டு. இடம் குறைவு, நிறம் குறைவு. அதனாலேயே பயமும் குறைவு!

தொடர்கதைப் பைத்தியங்களுக்கு (நானும் ஒருத்திதான்) 'ட்வைன்'. 2009-ல் கிரிஸ் கிளைமாஸ் என்பவர் செய்தது. ஒரு பெட்டியில் கதையின் ஒரு துண்டை எழுத வேண்டும். "கதவைத் திறந்தாள்" என்பதற்கு ஒரு பெட்டி, "திறக்காமல் திரும்பினாள்" என்பதற்கு இன்னொரு பெட்டி. இரண்டுக்கும் அம்புக்குறி தானாக வந்துவிடும். படிக்கிறவள் எதைத் தொடுகிறாளோ அந்த வழியில் கதை போகும். போன வாரம் நம் தொடர்கதையின் கதாநாயகி அந்தக் கடிதத்தைப் படிக்காமலே கிழித்துப் போட்டாளே என்று எத்தனை பேர் பல்லைக் கடித்தீர்கள்! அவளைப் படிக்க வைத்து ஒரு கதை நீங்களே எழுதிப் பார்க்கலாமே?

கூரை உயரம் என்றேனே, அதற்கும் ஒரு உதாரணம். ஹாலந்து தேசத்துப் பேராசிரியர் மார்க் ஓவர்மார்ஸ் 1999-ல் ஆரம்பித்த 'கேம்மேக்கர்' என்ற கருவியும் புதியவர்களுக்காகத்தான் பிறந்தது. அதிலே டோபி ஃபாக்ஸ் என்ற இளைஞர் 2015-ல் வெளியிட்ட 'அண்டர்டேல்' உலகமெங்கும் பெயர் வாங்கியது. ஆரம்பக்காரர்களின் கருவி என்றால் பொம்மைச் சொப்பு என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம்.

சரி, வரப் போகிற மாப்பிள்ளைக்கு வருவோம். வந்ததும் நாம் என்ன என்ன கேட்க வேண்டும்? குழந்தையும் நானுமாக உட்கார்ந்து ஐந்து கேள்வி எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் உபயோகப்படலாம்.

முதல் கேள்வி: முதல் அரை மணிக்குள் திரையில் ஏதாவது ஒன்று, நாம் சொன்னபடி நகர்ந்ததா? நகராவிட்டால், குழந்தைக்குப் பொறுமை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கருவிக்குத் தரை உயரம் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது: தப்பு நேர்ந்தால் என்ன செய்கிறது? செய்ததை ஒரு தொடுதலில் பழையபடி ஆக்க முடிகிறதா? தப்பை எடுத்துச் சொல்லும்போது மனிதர் பேசுகிற மாதிரி சொல்கிறதா, அல்லது கச்சேரித் தாக்கீது மாதிரி மிரட்டுகிறதா?

மூன்றாவது: உள்ளே திறந்து பார்க்க முடியுமா? இந்தக் காலத்துக் கருவிகள் சிலவற்றில், "எனக்கு ஒரு பல்லாங்குழி வேண்டும்" என்று சொன்னால் செயற்கை அறிவு தானே செய்து கொடுத்துவிடுகிறது. கடை ரசப்பொடி மாதிரி. அவசரத்துக்குத் தப்பில்லை. ஆனால் அதில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கவும், மிளகைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கவும் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விளையாட்டு வந்துவிடும். செய்யத் தெரிந்த பெண் வரமாட்டாள்.

நான்காவது: செய்ததைக் கையோடு எடுத்துக் கொண்டு போகலாமா? 1987-ல் ஆப்பிள் கம்பெனி தன் கம்ப்யூட்டரோடு 'ஹைப்பர்கார்டு' என்று ஒன்றைக் கொடுத்தது. பில் அட்கின்ஸன் செய்தது. சீட்டுக்கட்டு மாதிரி அட்டை அட்டையாக அடுக்கி, சாமானிய ஜனங்கள் என்னென்னவோ செய்தார்கள். 1993-ல் வந்த 'மிஸ்ட்' என்ற புகழ்பெற்ற விளையாட்டுக்கூட அதில்தான் உருவாயிற்று. ஆனால் 2004-ல் அதன் விற்பனை நின்றுவிட்டது. அதேபோல, 2023 செப்டம்பரில் யூனிட்டி என்ற பெரிய கருவிக்காரர்கள், விளையாட்டு எத்தனை தடவை புதிதாக நிறுவப்படுகிறதோ அதற்கேற்பக் கட்டணம் என்று திடீரென்று அறிவித்தார்கள். விளையாட்டுச் செய்கிறவர்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த வருஷம் செப்டம்பரில் அந்தக் கட்டணத்தை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. வாடகை வீடு என்றால் குடிபோகிற அன்றைக்கே ஒப்பந்தத்தைப் படித்துவிட வேண்டும். ட்வைன், பிட்ஸி இரண்டிலும் செய்ததை ஒரே கோப்பாக நம்மிடமே வைத்துக் கொள்ளலாம். புதியவரிடமும் அதைக் கேளுங்கள். அப்படியே, குழந்தை செய்ததை ஊரார் பார்க்கப் போடுவதானால், அதில் அவள் பெயரும் பள்ளிக்கூடமும் புகைப்படமும் வேண்டாம்.

ஐந்தாவது, என் தங்கைக்காக: எழுத்தும் பொத்தானும் பெரிதாக இருக்கின்றனவா? சிவப்பு, பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பிச் சொல்லாமல், வடிவத்தாலும் வார்த்தையாலும் சொல்கிறதா? தமிழ் எழுத்து உடையாமல் ஒழுங்காக வருகிறதா? ஸ்கிராட்சை எழுபதுக்கு மேற்பட்ட மொழிகளில் பெயர்த்திருக்கிறார்கள். 'எழில்' என்று தமிழ்ச் சொற்களாலேயே கட்டளை எழுதுகிற ஒரு பாஷையும் இருக்கத்தான் இருக்கிறது. ஆகையால் நாம் கேட்பது ஒன்றும் அதிகப்படி அல்ல.

கேள்விகளை எழுதி முடித்ததும் குழந்தை ஒரு நிமிஷம் யோசித்தாள். "பெரிய பாட்டி, அதுக்கும் பாஸ் மார்க் கிடைக்காவிட்டால்?" என்று கேட்டாள்.

"மூடி வைத்துவிட்டு வேறொன்றைப் பார்ப்போம். நீ பெயில் என்று அர்த்தமில்லை" என்றேன்.

பல்லாங்குழி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். முடியவில்லை, இன்னும் நடந்து கொண்டிருக்கிறது. பதினான்கு குழிகளும் மேடையில் வந்துவிட்டன. நேற்று மாலை திரையைத் தூக்கிக் கொண்டு போய்ப் பாட்டியின் மடியில் வைத்தாள். என் தங்கை வீங்கின விரலால் ஒரு குழியைத் தொட்டாள். அதிலிருந்த புளியங்கொட்டைகள் ஒவ்வொன்றாக, 'டிக் டிக்' என்ற சத்தத்தோடு, அடுத்தடுத்த குழிகளில் போய் விழுந்தன. அவள் ஒன்றும் பேசவில்லை. மறுபடியும் தொட்டாள். மறுபடியும். பிறகு சட்டென்று நிமிர்ந்து, "ஏண்டி, இந்தக் குழியிலே நாலு சேர்ந்துடுத்தே! நாலு சேர்ந்தால் பசு அல்லவா? எனக்குச் சேர வேண்டியதை எடுத்துக் கொடுக்காமல் உன் யந்திரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறதே!" என்று அதட்டினாள்.

குழந்தைக்குப் பசு என்றால் என்னவென்றே தெரியாது. பாட்டி விளக்கிச் சொன்னாள்: ஒரு குழியில் நாலு சேர்ந்தால், அந்தக் குழி யாருடைய பக்கமோ அவள் உடனே எடுத்துக் கொள்ள வேண்டும்.

"நாலு சேர்ந்தால்... அப்படியானால்..." என்று முணுமுணுத்துக் கொண்டே குழந்தை அந்த ஆறு கோணப் பள்ளமுள்ள கட்டையைத் தேட ஆரம்பித்தாள். பாட்டிக்கு விளையாட்டின் சட்டம் தெரியும். பேத்திக்குக் கட்டையின் பள்ளம் தெரியும். இருவரும் ராத்திரி சாப்பாட்டுக்கு இரண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லை.

புதிய கருவி வரட்டும். நல்லதாக இருந்தால் ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்துக் கொள்வோம். அதற்குள் உங்கள் வீட்டில் எந்தப் பெண்ணாவது, "எனக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லிக் கொண்டு எதையாவது மூடி வைத்தால், பழமொழியைச் சொல்லிவிடாதீர்கள். முதலில் ஒரு நூலை எடுத்துக் கொண்டு போய்க் கூடத்தை அளந்து பாருங்கள்.